வண்ண மீன்களுக்கு வீட்டிலேயே உணவு

(கல்பாத்தியில் மாணவர்களுக்கும் வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பது ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்தது. இன்று அது பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். சென்னையின் கொளத்தூரில் வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் தொட்டி கட்டி மீன் பெருக்குவோர் பலர். 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கும் இடம் அளிக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என அது வகுத்தது.

தொட்டி கட்ட மானியம் கிடைக்கலாம். ஆனால் உணவை நாள்தோறும் இடவேண்டும். மீன் வளர்ப்பில் நடைமுறைச் செலவின் பாதிக்கு மேல் உணவுக்கே போய்விடுவது வழக்கம். சிறு பொட்டலங்களில் கடை உணவை வாங்கும் எளிய வளர்ப்பாளரின் ஆதாயம் அங்கேயே கரைந்துவிடுகிறது. ஆகவே, அந்த உணவை வீட்டிலேயே செய்ய இயலுமா என்பது அவருக்கு வாழ்க்கைப் பிரச்சினை. இயலும் என்பதே விடை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

நீரில் இடும் உணவு

மாட்டுக்கு வைத்த தீவனம் மிஞ்சினால் தொழுவத்தில் கிடக்கும். மாட்டுக்கு அதனால் தீங்கில்லை. மீனுக்கு இட்டது மிஞ்சினால், அது மீன் மூச்சு விடும் நீரிலேயே அழுகும். ஆகவே மீனுக்கு இடும் ஒவ்வொரு பிடி உணவும் நீருக்கு இடும் உணவாகும் என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 60 லிட்டர் தொட்டியில் 10 கிராம் எடையுள்ள பொன்மீன்கள் பத்து இருக்கின்றன. உடல் எடையில் 3 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 3 கிராம் உணவு. அதில் புரதம் 30 சதவீதம் எனில் 0.9 கிராம். புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். அதாவது 144 மில்லிகிராம். அதில் பாதி மட்டுமே கழிவாக வெளியேறுவதாகக் கொண்டாலும், ஒவ்வொரு லிட்டர் நீரிலும் ஒரே நாளில் 1.2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் சேரும். உணவை இரு மடங்காக இட்டு, மிகுதி உண்ணப்படாமல் முழுவதும் அழுகினால், அது 3.6 மில்லிகிராம் ஆகிவிடும். உணவு இரு மடங்கு; நஞ்சோ மும்மடங்கு. பழகிய தொட்டியில் நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதிய தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் இன்னும் பெருகியிரா. புதுத் தொட்டிகளில் மீன்கள் மடிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆகவே வீட்டு உணவு இரண்டு தேர்வுகளில் வெல்ல வேண்டும். மீனுக்குச் சத்தளிக்க வேண்டும். நீரில் கரையாமல் நிற்க வேண்டும்.

எந்த மீனுக்கு எது?

எல்லா மீனுக்கும் ஒரே உணவு பொருந்தாது. மோலி, பிளாட்டி போன்றவை பாசியும் தழையும் விரும்புபவை. பொன்மீன் அனைத்துண்ணி, அதற்கு இரைப்பை கிடையாது. எனவே ஒரே வேளையில் நிறைய இடுவதைவிடச் சிறிது சிறிதாக இடுவதே அதற்கு ஏற்றது. ஃபைட்டர் மீனும் ஏஞ்சல் மீனும் புலால் உணவை நாடுபவை. இவற்றுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். பொதுவாக வளர்க்கப்படும் பல மீன்களுக்கு 30 சதவீதம் அளவில் புரதம் உள்ள கலவையைத் தொடக்கமாகக் கொள்ளலாம்.

கலவைக் கணக்கு

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து இடுவது நம் நாட்டு மீன் பண்ணைகளின் பழைய வழக்கம். பாலக்காடு நெல் விளையும் நாடு. அரிசி ஆலைத் தவிடுக்கு இங்கே பஞ்சமில்லை. தவிட்டில் புரதம் சுமார் 12 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் சுமார் 42 சதவீதம் என்று கொண்டால், சமக் கலவையில் 27 சதவீதம் கிடைக்கும். 30 வேண்டுமானால் புண்ணாக்கு 60 பங்கு, தவிடு 40 பங்கு. இக்கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம்.

ஆயினும் புரதத்தின் அளவு மட்டும் போதாது. அதன் தரமும் வேண்டும். ஒரு கிலோ உலர் கலவைக்கு இவ்வாறு கொள்ளலாம்: கடலைப் புண்ணாக்கு 350 கிராம், தவிடு 250 கிராம், மீன்தூள் 200 கிராம், கோதுமை மாவு 100 கிராம், மரவள்ளி மாவு 80 கிராம், உயிர்ச்சத்து–தாதுக் கலவை 20 கிராம். மீன்தூளில் 55 சதவீதம் புரதம் இருப்பின், இக்கலவையில் ஏறத்தாழ 30 சதவீதம் அமையும். கோதுமையும் மரவள்ளியும் சத்துக்காக மட்டும் சேர்க்கப்படுபவை அல்ல. வெந்த மாவே மற்றவற்றைப் பிடித்து நிறுத்தும் பசை.

மீன்தூள் புகாத சமையலறைகள் இவ்வூரில் பல உண்டு. அங்கே மீன்தூளுக்கு ஈடாக எண்ணெய் நீக்கிய சோயா மாவைச் சேர்க்கலாம். புரதம் ஒரு சதவீத அளவே குறையும். ஆனால் பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. நன்கு வெந்தாலன்றி அது அழியாது. மெத்தியோனின் என்னும் அமினோ அமிலமும் சோயாவில் குறைவு. ஆகவே இக்கலவை பொன்மீனுக்கும் மோலிக்கும் ஏற்றது. ஃபைட்டருக்கு இதுவே முழு உணவு ஆகாது.

வடாம் இடும் கையும் மீன் உணவும்

செய்முறை இங்குள்ள தாய்மார்களுக்குப் புதிதன்று. வடாமும் அப்பளமும் இட்டு உலர்த்திப் பழகிய கைகளுக்கு இது எளிது. பொருள்களை நன்கு பொடித்துச் சலிக்க வேண்டும். உயிர்ச்சத்துக் கலவையைத் தனியே வைத்துவிட்டு, மற்றவற்றை நீர் தெளித்துச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவிட வேண்டும். ஆறிய பின்னரே உயிர்ச்சத்துக் கலவையைச் சேர்த்துப் பிசைய வேண்டும். வெப்பத்தில் உயிர்ச்சத்து சி முதலியன அழிந்துவிடும். பிறகு சேவை நாழியில் இட்டுப் பிழிந்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்த வேண்டும். ஒடித்தால் 'சடக்'கென்று ஒடிய வேண்டும். அதன்பின் நொறுக்கி, மீனின் வாய் அளவுக்கு ஏற்பச் சல்லடையில் பிரித்துக்கொள்ளலாம். இதற்கெனத் தனி நாழியும் பாத்திரமும் வைத்துக்கொள்வது நல்லது.

உணவு தேறியதா என்பதை ஒரு கண்ணாடித் தம்ளர் சொல்லிவிடும். ஒரு சிட்டிகையை நீரில் இட்டுப் பதினைந்து நிமிடம் பாருங்கள். உருக்குலையாமல் இருந்தால் தேறியது. நீர் கலங்கினால் மாவு போதவில்லை அல்லது வேகவில்லை.

மீனின் நிறம் பற்றியும் ஒரு சொல். சிவப்பையும் மஞ்சளையும் தரும் கரோட்டினாய்டு பொருள்களை மீன் தன் உடலில் தானே உண்டாக்க இயலாது. உணவின் வழியே பெற வேண்டும். காரட், உலர்ந்த செண்டுமல்லி இதழ்ப் பொடி, ஸ்பைருலினா ஆகியவை இதற்கு உதவும். செயற்கைச் சாயம் கூடாது.

கெடாமல் காத்தல்

பருவமழைக் காலத்தின் ஈரம் இத்தொழிலின் பகை. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்ததை ஆராயப்போய்த்தான், கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்நஞ்சு கண்டறியப்பட்டது. பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் காயவைத்தோ வேகவைத்தோ பயன்படுத்தலாகாது, எறிந்துவிட வேண்டும். தவிடும் நாள்பட்டால் எண்ணெய் சிக்குப் பிடிக்கும். எனவே புதிய தவிட்டையே வாங்கி, ஒரு மாதத் தேவைக்கு மட்டும் உணவு செய்து, காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது சிறந்தது.

கொசுப்புழு மீனுக்கு நல்ல உணவுதான். ஆனால் அதற்காக வீட்டில் நீரைத் திறந்துவைப்பது டெங்குவை வரவழைப்பதாகும்.

விலையை எங்கே அளப்பது?

அலுவலர்கள் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீட்டு உணவு மலிவா என்பதைக் கிலோ விலையால் அளந்தால் தவறான முடிவே கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கிலோ 60 ரூபாய் உணவில் 3 கிலோ இட்டால் மீன் ஒரு கிலோ வளர்கிறது. 100 ரூபாய் உணவில் 1.6 கிலோ போதும் என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் செலவு 180 ரூபாய், பின்னதில் 160. மலிவான உணவே விலை உயர்ந்ததாகிவிட்டது! மேலும் வண்ண மீன் எடைக்கு விற்கப்படுவதில்லை. எண்ணிக்கைக்கும் அழகுக்குமே விலை. நூறு குஞ்சுகளில் எத்தனை பிழைத்தன என்பதே இங்கு இறுதிக் கணக்கு.

ஆகவே மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கும்போது செய்முறையோடு நிறுத்திவிடலாகாது. ஒரு தராசு, ஒரு குறிப்பேடு, நீரின் அம்மோனியாவைச் சோதிக்கும் எளிய கருவி ஆகிய மூன்றும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். விற்பனைக்குச் செய்யும் குழுக்களின் உணவை அவ்வப்போது ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தர ஏற்பாடும் வேண்டும். வாங்குவோரின் நம்பிக்கை அதனால்தான் நிலைக்கும்.

மாணவ நண்பர்கள் இரு தொட்டிகளை வைத்து, ஒன்றில் கடை உணவும் மற்றதில் வீட்டு உணவும் இட்டு, எட்டு வாரம் எடையையும் இழப்பையும் எழுதிவரலாம். நாளைக்கு இரு வேளை, ஐந்து நிமிடத்தில் உண்டு தீரும் அளவே இடவேண்டும். மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். உணவு செய்யும் திறமை நம் வீடுகளில் தலைமுறைகளாக இருக்கிறது. அளந்து இடும் பழக்கமும் அதனோடு சேருமானால், எளியோரின் இச்சிறு தொழில் நிலைபெறும் என்பதில் ஐயமில்லை.