பழைய செயின்சோவும் கிடைக்காத பாகமும்
(திருக்கோவிலில் நடந்த கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. அதைப் போன கூட்டத்தில் போதுமான அளவு பேசிவிட்டோம். இன்றைக்குப் பேச்சு மரம் அரியும் மெஷினைப் பற்றி. வெளியே வேப்பமரத்தடியில் மூன்று செயின்சோ கிடக்கின்றன. மூன்றும் நின்றுபோனவை. கொண்டுவந்தவர்கள் மூவருக்கும் இந்தக் கிழமை வேலையில்லை. மெஷின் நின்றால் நாள்கூலியும் நிற்கும் என்பதால் இது சங்கத்தின் விஷயந்தான்.

இந்தக் கரையில் மரம் விழுவது புதிதல்ல. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் மட்டக்களப்புப் பக்கமிருந்து இங்கே வரை தென்னந்தோப்புகள் விழுந்து கிடந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கோடாலியும் இருவர் இழுக்கும் வாளும் வைத்து வழியைத் திறந்த காலம் அது. 2004 டிசம்பரில் கடல் வந்துபோன பிறகும் முதலில் தேவைப்பட்ட சாமான்களில் இதுவும் ஒன்று. தோட்டத்தில் பட்ட தென்னையை இறக்குவதற்கும், மலைநாட்டுத் தோட்டங்களில் நிழல்மரம் வெட்டுவதற்கும், ரோட்டில் விழுந்த மரத்தை அகற்றுவதற்கும் இப்போது இந்த மெஷின்தான்.

நம்மிடம் இருப்பதெல்லாம் பழசு. பெரிய மரத்துக்குப் பலர் வைத்திருப்பது ஸ்டில் 070. 1968இல் வந்த மொடல், 106 சி.சி., தூக்கினால் பத்துக் கிலோவுக்கு மேல். சரியாகப் பார்த்தால் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, 2022இல் டொலர் இல்லாமல் நாடே நின்றது. அதற்குப் பிறகு கடைக்காரர் சொல்லும் பதில் இரண்டுதான். ஒன்று ‘இல்லை’, மற்றது தலைசுற்றும் விலை. போதாக்குறைக்கு ஒரிஜினல் பெட்டிக்குள் போலியும் வருகிறது.

பாகம் தேட முதல் பழுது எது என்று தெரியவேண்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் காபரேட்டரைக் கழற்றுகிற பழக்கத்தை விடுவோம். மூன்றே கேள்வி: நெருப்பு வருகிறதா, பெற்றோல் வருகிறதா, அமுக்கம் இருக்கிறதா. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, காய்ந்திருந்தால் வரவில்லை. பிளக்கை மூடியோடு சேர்த்து எஞ்சின் உடம்பில் பிடித்துக் கயிற்றை இழுத்தால் நீலப்பொறி தெரியவேண்டும். இதைச் செய்யும்போது பெற்றோல் டின் பக்கத்தில் இருக்கக்கூடாது, பீடியும் கூடாது. அமுக்கம் பார்க்க கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிளக்கைப் பூட்டி, ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். தன் பாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் ரிங் உயிரோடு இருக்கிறது. கிணற்று வாளி மாதிரி ஒரேயடியாக இறங்கினால் சிலிண்டரைத் திறக்கத்தான் வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். செயின்சோ பாகம் என்று கேட்டால் கடையில் இல்லை. ஆனால் மெஷினுக்குள் இருக்கிற பல பாகங்கள் செயின்சோவுக்கென்று பிறந்தவை அல்ல. கிராங் பெயரிங்கின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு எண் அடித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் பெயரிங் கடையில் எடுக்கலாம், எந்த மெஷினுக்கென்று சொல்லவே தேவையில்லை. ஒயில் சீலும் அப்படித்தான். உள் அளவு, வெளி அளவு, தடிப்பு என்று மூன்று அளவு. எண் அழிந்திருந்தால் வேர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு போகலாம். காபரேட்டரைத் துடைத்துப் பார்த்தால் வால்ப்ரோ, டிலொட்சன் என்று அதைச் செய்தவரின் பெயரும் எண்ணும் தெரியும். டயபிரம் கேட்கும்போது மெஷினின் பெயரை விட்டு அந்தப் பெயரையும் எண்ணையும் சொல்லுங்கள். கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. நமக்கு மலைநாட்டுத் தோழர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: கடல். இந்தக் கரை நெடுக போட் எஞ்சின் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கரைப்பற்றில், கல்முனையில், பொத்துவிலில் எத்தனை காக்காமார் காலை விடியமுதல் கடற்கரையில் எஞ்சினைக் கழற்றிவைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார்கள்! அதுவும் பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். ரீட் வால்வு, ரிங், சீல், டயபிரம் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கார் கராஜில் மூன்று நாள் கிடக்கிற மெஷினை அவர்கள் ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடிப்பார்கள். உப்புக் காற்றில் அலுமினியம் பூத்துப்போனதை எப்படிக் கழற்றுவது என்பதும் அவர்களுக்கே தெரியும். ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் மீன்பிடிச் சாமான் கடைக்குப் போங்கள். பழைய கயிற்றின் தடிப்பிலேயே பின்னல் நைலோன் எடுத்து, முனையை நெருப்பில் உருக்கி முடிச்சுப் போட்டால் ஒரிஜினலைவிடக் கூட நாள் உழைக்கும்.

பெற்றோல் குழாய்க்கு மோட்டார் சைக்கிள் கடையில் விற்கிற ரப்பர் குழாய் போதும். தண்ணீர்மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் குழாயைப் போடாதீர்கள். பெற்றோலில் அது கொஞ்ச நாளில் விறைத்து வெடிக்கும். காஸ்கட் கிடைக்காவிட்டால் காஸ்கட் கடதாசி வாங்கி, பழையதை மேலே வைத்துக் கீறி வெட்டலாம். சிலிண்டர் அடியில் போடுவதற்கு மட்டும் பழைய தடிப்பையே தேடுங்கள். மெலிந்தால் பிஸ்டன் மேலே முட்டும், தடித்தால் அமுக்கம் குறையும். பொயின்ட் வைத்த பழைய மெஷினில் கண்டென்சர் செத்தால், மோட்டார் சைக்கிள் கண்டென்சரை வெளியே பொருத்தி வயர் இழுத்து ஓட்டுகிறார்கள், ஓடுகிறது. பொயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ. வரை. பிளக் மாற்றும்போது நூலின் நீளத்தைப் பழையதோடு ஒட்டிப் பாருங்கள். நீளம் கூடினால் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

பிஸ்டன் இறுகிப்போன மெஷின்கள் வருகின்றன. பாதிக்குமேல் ஒயில் கலந்த கணக்கில்தான் பிழை. பள்ளியில் விகிதம் படிப்பிக்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள், இது எதற்கு என்று. இதற்குத்தான். 1:50 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மி.லீ. ஒயில். 1:25 என்றால் 40 மி.லீ. நல்ல டூ ஸ்ட்ரோக் ஒயிலுக்கு 50 சரி. எந்த ஒயில் என்று நிச்சயமில்லாவிட்டால் 25க்குக் கலப்பதே பழைய மெஷினுக்குப் பாதுகாப்பு. புகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கண்ணளவில் ஊற்றுவதை நிறுத்தி, பிள்ளைகளின் மருந்துப் போத்தல் மூடியையாவது அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒயில் கணக்குச் சரியாக இருந்தும் இறுகினால் சீல் விறைத்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சீலை விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் பிஸ்டன் வாங்கவேண்டும்.

செயினைப் பற்றி ஒரு கதை. பழைய கால செயினின் பல் கைவாள் பல்லைப்போல இருக்கும், அடிக்கடி தீட்டவேண்டும். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்ற மரம்வெட்டும் தொழிலாளி 1946இல் ஒரு மரக்கட்டையில் வண்டுப்புழு ஒன்று தின்றுகொண்டு போவதைக் குனிந்திருந்து பார்த்தார். நம் தென்னையைக் குடைகிற புழுவின் சொந்தக்காரன் மாதிரி ஒன்று. அதன் வாய் இடமும் வலமுமாக மாறி மாறி அரிந்ததால் நார்ப்போக்கு எப்படி இருந்தாலும் தடையில்லாமல் போனது. அந்த வாயைப் பார்த்து அவர் செய்த பல்தான், இடம் ஒன்று வலம் ஒன்றாக, இன்று நம் செயினில் இருப்பது. தொழிலாளியின் கண் எதைப் பிடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேடவேண்டியதில்லை. இஞ்சினியர்மார் கோபிக்கக்கூடாது.

அந்தப் பல்லைத் தீட்ட அளவான உருட்டு அரம் வேண்டும். .404 செயினுக்கு 5.5 மி.மீ., 3/8 செயினுக்கு 5.2. எந்தச் செயின் என்று தெரியாவிட்டால் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் தூரத்தை அளந்து இரண்டால் பிரியுங்கள். வாங்கப் போகும்போது அந்த அளவோடு பாருக்குள் ஓடும் பல்லின் தடிப்பும் எண்ணிக்கையும் எழுதிக்கொண்டு போகவேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் தள்ளுங்கள். ஒரு பக்கம் கூடினால் வெட்டு வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் உள்ள சின்னத் திமில் பல்லைவிட 0.65 மி.மீ. அளவு தாழ்ந்திருந்தால் போதும். அவசரத்தில் அதை அராவித் தள்ளினால் மெஷின் கையை உதறும். தென்னையின் வெளிப்பக்கம் வைரம், அடியில் மணல் வேறு. அரிய முதல் அடியைப் பிரஷால் தட்டிவிட்டால் செயினுக்கு அரை நாள் ஆயுள் கூடும். தீட்டும்போதெல்லாம் பாரைத் தலைகீழாக மாற்றிப் பூட்டுங்கள். செயினுக்குக் கழிவு ஒயில் ஊற்றுகிறார்கள். அது பம்பையும் கெடுக்கும், தெறித்துத் தோலில் படுவதும் நல்லதல்ல.

இதுவரை சொன்னவை ஒட்டலாம், வெட்டலாம், மாற்றிப் போடலாம். ஆனால் சிலவற்றில் கைவைக்கக்கூடாது. இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். அறுந்த செயினை ஆணி அடித்துச் சேர்க்கக்கூடாது. கிளட்ச் ஸ்பிரிங் உடைந்தால் வேறு ஸ்பிரிங்கை முறுக்கிப் போடக்கூடாது. விட்ட வேகத்திலேயே செயின் சுற்றிக்கொண்டிருக்கிற மெஷின் அது, மரம் மாறி நடக்கும்போது தொடையை எடுக்கும். செயின் அறுந்தால் பிடிக்கிற கொக்கி இல்லாத மெஷினை ஓட்டக்கூடாது. பிரேக் இருந்த மெஷினில் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவது தைரியமல்ல. 070இன் பழைய வார்ப்புகள் பிரேக் இல்லாமலே வந்தவை. அவற்றின் பாரின் நுனியால் குத்தி அரிவதைக் கட்டாயம் தவிர்க்கவேண்டும். அதிர்வு தாங்கும் ரப்பர் செத்த மெஷினை நாள் முழுக்கப் பிடித்தால் விரல் மரத்து வெளுக்கும். குளிரான மலைத் தோட்டங்களில் அது இன்னும் மோசம், திரும்பச் சரியாகாமலும் போகலாம்.

ஒரு தோட்டத்தில் நம் அங்கத்தவர் ஒருவர் கிளட்ச் பழுது என்று மெஷினை இறக்கி வைத்தார். “உன் மெஷின், உன் பாடு, இன்றைக்கு மரம் இறங்கவேண்டும்” என்று கொந்தராத்துக்காரர் சொன்னார். அவர் ஓட்டவில்லை, அன்றைய கூலி போனது. மெஷினைத் தொழிலாளி கொண்டுவருவது, பெற்றோல் அவருடையது, செயின் அவருடையது, பழுதானால் கூலியும் அவருடைய நட்டம். இந்தக் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை. சர்வதேசத் தொழில் தாபனம் 1998இல் வனத்தொழில் பாதுகாப்புக்கென்று ஒரு நடைமுறைக் கோவை வெளியிட்டது. செயினுக்குப் பிரேக், அறுந்தால் பிடிக்கும் கொக்கி, தலைக்கவசம், காலுக்குக் காப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சின்னக் காயமென்றாலும் அன்றே எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு “அவன் வேலைக்கே வரவில்லை” என்று சொல்லமுடியாது.

நாங்கள் கேட்பது: மெஷினைத் தொழிலாளி கொண்டுவந்தால் அதற்கு வாடகை தனியாக, நாள்கூலி தனியாக. செயின், அரம், ஒயில் வேலை கொடுப்பவரின் செலவு. மெஷின் ஆபத்தானது என்று இறக்கி வைத்த நாளுக்குக் கூலி வெட்டக்கூடாது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு இது எழுத்தில் போகிறது. கையெழுத்து வைக்காதவர்கள் போகுமுன் வைத்துவிட்டுப் போங்கள்.

பாகத்துக்காகப் பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். 2019 தொடக்கத்தில் செயின்சோ எல்லாவற்றையும் பதியவேண்டும் என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். எண் அராவிய மெஷினை மலிவென்று வாங்கினால் பொலிஸில் பதில் சொல்வது நீங்கள்தான். மெஷின் சரியாக இருந்தாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. மரத்துக்காரர் “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால், அனுமதிக் கடதாசியைக் காட்டச் சொல்லுங்கள்.

கிளைக்கு ஒரு பெட்டி சேர்க்கிறோம். வேர்னியர் ஒன்று, பீலர் கேஜ் ஒன்று, மூன்று அளவில் உருட்டு அரம், காஸ்கட் கடதாசி, பிளக் சாவி. ஒரு கொப்பியும் இருக்கும். யார் எந்த மெஷினைத் திறந்தாலும் உள்ளே கண்ட பெயரிங் எண், சீல் அளவு, காபரேட்டர் எண், எந்தக் கடையில் என்ன விலைக்குக் கிடைத்தது என்று அதில் எழுதவேண்டும். எழுதக் கஷ்டமென்றால் பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள், எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேர்னியர் பார்க்கப் பழகிவிட்டார்கள். இனித் திருத்த முடியாது என்று மூலையில் போட்ட மெஷின் இருந்தால் அதையும் இரும்புக்குக் கொடுக்காமல் கொண்டுவாருங்கள். ஒன்றின் கொயில் இன்னொன்றுக்கு உதவும். வேப்பமரத்தடியில் இருக்கிற மூன்றையும் சாப்பாட்டுக்குப் பிறகு திறப்போம். கை கழுவச் சவர்க்காரம் வைத்திருக்கிறது.