பால் பதம்



1940-ல் இங்கிலாந்து வானில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 11 மீட்டருக்குச் சற்று அதிகம். அதை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாடலில் அதே இறக்கை 15.6 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. இந்தக் குட்டி விமானத்தின்மேல் பிரஷ்ஷால் பூசிய பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு நின்றுவிட்டால், நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டர் அப்பியதற்குச் சமம். அந்த விமானம் கிளம்புமா? மாடல் செய்கிறவர்கள் ஏர்பிரஷ்ஷைத் தேடிப் போவது இதனால்தான்.

பேனா மாதிரிப் பிடிக்கிற கருவி அது. உள்ளே நீளமாக ஓர் ஊசி, அதன் நுனி ஒரு துளையை அடைத்துக்கொண்டிருக்கும். ஊசி பின்னுக்கு நகர்ந்தால் துளை திறக்கும். விரைந்து போகும் காற்று பெயிண்டை உறிஞ்சிப் பனிபோலத் தூவும். புதிதாக வாங்குகிறவருக்கு 0.3 மில்லிமீட்டர் துளையும் மேலே சின்னக் கிண்ணமும் உள்ள ‘டபுள் ஆக்‌ஷன்’ வகை நல்லது. 0.2 இன்னும் நுணுக்கமாக வரையும், ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும்.

‘டபுள் ஆக்‌ஷன்’ என்றால் ஒரே விசைக்கு இரண்டு வேலை. விசையைக் கீழே அழுத்தினால் காற்று. அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பெயிண்ட். காற்று முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். முடிக்கும்போது விசையை முன்னே தள்ளாமல் விரலை எடுத்துவிட்டேன் ஒருமுறை. நுனியில் தங்கியிருந்த பெயிண்ட், அடுத்த அழுத்தலில் வெற்றிலைச் சாறு துப்பியதுபோல இறக்கையில் விழுந்தது.

ஆனாலும் விரல் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது பெயிண்டைக் கரைப்பது. பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: எல்லாம் பதம்தான். பால் குடித்த டம்ளரைப் பாருங்கள். உள்சுவரில் மெல்லிய படலமாக நின்று, மெதுவாக வழிந்து இறங்கும். தின்னர் கலந்த பெயிண்டும் கலக்கிய கிண்ணத்தின் சுவரில் அப்படி இறங்க வேண்டும். சுவரிலேயே ஒட்டி நின்றால் கெட்டி. துளையில் அடைத்துப் புள்ளிபுள்ளியாகத் துப்பும். தண்ணீராக ஓடினால் மாடலின்மேல் சிலந்திக் கால்களாகக் கிளைவிட்டு ஓடும். எத்தனை துளி தின்னர் என்று கேட்காதீர்கள். பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும், கார் டயரில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. காற்றைத் தரும் கம்ப்ரஸரோடு காற்றுத் தொட்டியும் இருந்தால் காற்று விட்டுவிட்டு வராது. அமுக்கிய காற்று சூடாகி, பிறகு குழாயில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் நீராகிவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் நீர் பிடிக்கும் வடிகட்டியை மறக்கவே கூடாது. மறந்தால் பெயிண்டோடு தண்ணீர்த் துளியும் வந்து விழும்.

ஃபேனை நிறுத்திவிடுங்கள். அக்ரிலிக் பெயிண்ட் நம் வெயிலில் ஊசி நுனியிலேயே காய்ந்துவிடும், ஃபேன் காற்று அதை விரைவுபடுத்தும். தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் அடிக்கடி நுனியைத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். முகத்தில் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. லாக்கர் வகைப் பெயிண்டானால் பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது.

நிறம் மாற்றும்போதெல்லாம் கழுவ வேண்டும். பத்து நிமிடம் அடித்துவிட்டு இருபது நிமிடம் கழுவுகிற நாளும் உண்டு. ஊசியை வெளியே எடுக்கும்போது நுனி எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மயிரளவு வளைந்தாலும் பெயிண்ட் ஒருபக்கமாகச் சாயும்.

முதலில் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் அடித்துப் பழகுங்கள். பிறகு ஸ்பிட்ஃபயரை எடுத்து அடிவயிற்றில் தொடங்குங்கள். அங்கே வருவது வெளிர் நிறம். மேலே வரும் மண் நிறத்துக்கும் பச்சைக்கும் முன்னால் அதை அடிப்பதுதான் முறை. பிசகினாலும் கவலையில்லை. அலமாரியில் வைத்த பிறகு யாரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை.