அறிவு எனும் அமானிதம்

 

மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வகுத்துரைத்தார்கள். அறிவை மறைக்கும் மதுவை நாம் நெருங்குவதில்லை. அந்த அறிவுக்கு வேறு வழியில் கேடு வருமானால் அதையும் சிந்திப்பது நம் கடமையல்லவா?

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து, பஜ்ருத் தொழுகைக்கு நேராகப் பள்ளிக்கு வரும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். சர்க்கரை நோயாளி. "தேநீரில் போடும் இனிப்பு மாத்திரை மூளையைக் கெடுத்துவிடுமாம், ஹஜ்ரத்! மீண்டும் சர்க்கரையே போட்டுக்கொள்கிறேன்" என்றார். பதறிப்போனேன்.

அவர் கேள்விப்பட்டது 2025 செப்டம்பரில் 'நியூராலஜி' மருத்துவ இதழில் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வு. 12,772 பேரைச் சுமார் 8 ஆண்டுகள் கவனித்தார்கள். அஸ்பார்டேம், சாக்கரின் போன்ற இனிப்பூட்டிகளை மிக அதிகம் உட்கொண்டோருக்கு, மிகக் குறைவாக உட்கொண்டோரைவிட, நினைவும் சிந்தனைத் திறனும் 62 விழுக்காடு வேகமாகக் குறைந்தன. 60 வயதுக்கு உட்பட்டவர்களிடமே இது காணப்பட்டது. சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தது.

ஆயினும், இனிப்பூட்டிதான் காரணம் என்று அவ்வாய்வு நிரூபிக்கவில்லை. சுக்ரலோஸ் அதில் சேர்க்கப்படவுமில்லை. மாறாக, கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் மூளையின் இரத்த நாளங்களைச் சிதைப்பது உறுதியாக அறியப்பட்ட உண்மை. ஐயத்திற்கு அஞ்சி, நிச்சயமான கேட்டில் விழலாமா?

அதற்காக மாத்திரையை வரம்பின்றி அள்ளிப் போடுவதும் முறையன்று. உடல் எடையைக் குறைப்பதற்கென இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அவ்வறிவுரை பொருந்தாது என்றும் கூறியது. எனவே அவர்கள் தம் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

சகோதரர்களே! நோய் நாவில் இல்லை. நாவின் பழக்கத்தில் இருக்கிறது. ரமளானில் பகல் முழுவதும் தண்ணீரையே துறக்கும் நம்மால், தேநீரின் இனிப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்க இயலாதா? 'சர்க்கரை இல்லாதது' எனும் பானங்களைப் பிள்ளைகளுக்கு வாங்குமுன் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். நிக்காஹ் விருந்தில் "ஒரு துண்டுதானே" என்று நோயாளியை வற்புறுத்தாதீர்கள்.

அந்தச் சகோதரரிடமும் இதையே சொன்னேன். இப்போது அவர் அருந்துவது இனிப்பில்லாத் தேநீர். "முதல் வாரம் கசந்தது ஹஜ்ரத், பிறகு பழகிவிட்டது" என்கிறார்.

அறிவு எனும் அமானிதத்தை இறுதிவரை பேணிக் காக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.