அளவுகோலுக்கு அறிவு வந்தால் யாருக்கு நன்மை?

(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"யந்திரத்துக்கு அறிவு வந்துவிட்டதாமே, நம் பிழைப்பு என்னாகும்?" என்று பலரும் கேட்கிறார்கள். இதற்கு நமக்குப் பழக்கமான பால் ஸ்டோரிலேயே விடை தேடுவோம்.

விடியுமுன் எழுந்து மரம் வெட்டுகிறோம். மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து வருகிறோம். ஸ்டோரில் பாலை நிறுத்தபின், மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அதில் விடுகிறார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. எனவே, கருவி எவ்வளவு அமிழ்கிறது என்பதைக் கொண்டு, பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவிகிதம் என்று கணக்கிடுகிறார்கள். 20 கிலோ பாலில் 35 சதவிகிதம் என்றால் 7 கிலோ ரப்பர்; 30 என்றால் 6 கிலோதான். அளவு தவறினால் ஒரு கிலோ உழைப்பு போயிற்று!

அளவு தவறுமா? தவறும். பாலின் சூடு, மரத்தின் இனம், பருவம் எல்லாம் அதைக் கலைக்கும். பாலை அமிலம் விட்டு உறையவைத்து, அழுத்தி, காயவைத்து நிறுப்பதே சரியான சோதனை. அதற்கோ மணிக்கணக்காகும்.

இன்று நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி சிறுதோட்டங்களில் விளைகிறது. மங்கில் உறைந்த கட்டிகளாகவே பெரும்பாலும் விலைபோகிறது. அதில் நீர் எவ்வளவு என்று வாங்குபவர் கண்ணால் மதிப்பதும் உண்டு. அங்கும் இதே வழக்குத்தான்.

இதற்கு விஞ்ஞானிகள் வழி தேடாமல் இல்லை. 1925-ல் கோலாலம்பூரில் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் (1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தின் ஓர் அங்கம்) பாலை ஆராய்ந்து வந்தது. நமக்கு அருகே செர்டாங் பல்கலைக்கழகத்தில் கைடா காலிட் என்ற விஞ்ஞானி, 1980-களிலேயே நுண்ணலையால் பாலை அளக்க முயன்றார். தண்ணீர் அவ்வலையை மிகுதியாக ஈர்க்கும்; ரப்பர் அவ்வளவாக ஈர்க்காது. அந்த வேற்றுமையே அளவாகிறது.

இப்போது வந்திருக்கும் செயற்கை அறிவு செய்வது என்ன? பல பால் மாதிரிகளில் கருவி காட்டிய அளவையும், காயவைத்து நிறுத்த எடையையும், சூடு, பருவம், மர இனம் ஆகியவற்றையும் அதற்குக் கற்பிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தொடர்பை அது கண்டுபிடித்துச் சாதாரணக் கருவியின் தவறைத் திருத்துகிறது.

அதோடு முடியவில்லை. ஓர் உதாரணம் சொல்வோம். ஒருவருடைய பாலில் ரப்பர் குறைந்தால், "தண்ணீர் கலந்தாயா?" என்பதே முதல் கேள்வி. ஆனால் பல மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், குறிப்பிட்ட ஒரு கருவியில் அளந்த அனைவருக்கும் குறைந்திருப்பது தெரியலாம். அல்லது, அளவுக்கு மீறி வெட்டியதாலும் மருந்து பூசியதாலும் அந்த நிரையின் மரங்கள் களைத்திருப்பது தெரியலாம். களங்கம் சுமந்த தொழிலாளி அப்போது தலைநிமிர்வார்!

ஆனால் எச்சரிக்கை, தோழர்களே! விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? பொய்க் கணக்கைக் கற்பித்தால் யந்திரமும் பொய்யைத்தான் சொல்லும். "யந்திரம் சொல்லிவிட்டது" என்று வாயடைப்பது அதைவிடக் கொடிது. அதே கணக்கால் உழைப்பவரை வேவு பார்க்கவும் முடியும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. நம் கண்முன்னே அளக்க வேண்டும். அளவைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். ஐயமிருந்தால் காயவைத்துச் சோதிக்க உரிமை வேண்டும். சேர்த்த கணக்கைச் சங்கமும் பார்க்க வேண்டும். இவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். இன்று நம்மோடு பால் வெட்டும் பிறநாட்டுத் தொழிலாளிக்கும் இவ்வுரிமை உண்டு.

நாம் யந்திரத்துக்குப் பகைவர்கள் அல்லர். அறிவுள்ள அளவுகோலை வரவேற்போம். அதைப் பிடிக்கும் கைகளில் நம் கையும் ஒன்றாக இருக்கட்டும்!