படகுப் பழுதுக்கு எந்த ரெசின், எந்த மேட்?

(தொழில் உதவிப் பிரிவின் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தையல் மெஷினுக்கும் தள்ளுவண்டிக்கும் உதவி கேட்டு வருகிறவர்களை நமக்குப் பழக்கம். "பைபர் பரிசல் ஓட்டையாகிவிட்டது, சரிசெய்ய உதவுங்கள்" என்று வைகை அணைப் பக்கமிருந்து ஒருவர் வந்தால் நாம் தயங்குகிறோம். திராட்சைத் தோட்டமும் வயலுமாக இருக்கிற கம்பத்தில் படகைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் வைகை அணையில் பரிசல் ஓட்டி வலை வீசிப் பிழைக்கிறவர்களும் நம் மாவட்டத்துக்காரர்கள்தான். பரிசல் கரையில் கிடக்கும் நாளில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். ஆகவே, பழுதுக்குப் பணம் கொடுக்கும் நாம் அந்தப் பணத்தில் என்ன பொருள் வாங்கப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தில் ஏராளமான பைபர் படகுகள் உதவியாக வழங்கப்பட்டன. கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் அவசரத்தில் எத்தனை படகு என்பதைப் பார்த்த அளவுக்கு எப்படிப்பட்ட படகு என்பதைப் பலர் பார்க்கவில்லை. தரம் குறைந்த படகுகள் சீக்கிரமே விரிசல் விட்டன. உதவி செய்கிற எல்லோருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

இப்போது பொருளுக்கு வருவோம். பைபர் என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. கண்ணாடி இழை பலம் தருகிறது. ரெசின் அந்த இழைகளைப் பிடித்து நிறுத்தித் தண்ணீரைத் தடுக்கிறது. வெறும் ரெசினை ஊற்றினாலும், பட்டி வைத்து அடைத்தாலும் ஓட்டை மறையும், பலம் வராது. கல்லில் ஒரு தட்டுப் பட்டால் அடைத்தது தெறித்து விழுந்துவிடும். பட்டி என்பது மேல்பூச்சைச் சமன் செய்யத்தான்.

ரெசினில் மூன்று வகை கடையில் கிடைக்கும். முதலாவது, சாதாரண பாலியஸ்டர். விலை குறைவு, கதவு, கூரை ஷீட் வேலைக்குப் போதும். இரண்டாவது, ஐசோ பாலியஸ்டர். தண்ணீரில் கிடக்கும் பொருளுக்கு இது மேல். மூன்றாவது, எப்பாக்ஸி. விலை அதிகம், ஆனால் பழைய பைபரின் மேலும் மரத்தின் மேலும் மிக நன்றாகப் பிடிக்கும். மரப்படகுக்கும் பிளைவுட்டுக்கும் எப்பாக்ஸிதான் ஏற்றது. பாலியஸ்டர் மரத்திலிருந்து நாளடைவில் உரிந்துவரும். ஒன்றை மறக்க வேண்டாம்: எப்பாக்ஸி போட்ட இடத்தின் மேல் பிறகு பாலியஸ்டர் சரியாக ஒட்டாது.

இழையிலும் வகை உண்டு. பாலியஸ்டருக்குச் சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் மேட் ஏற்றது. எப்பாக்ஸிக்கு நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் கரைவதுபோல் எப்பாக்ஸியில் கரையாது. ரோவிங் எனப்படும் தடித்த நெசவைப் பழைய பரப்பின் மேல் நேரடியாகப் போடாமல், முதலில் ஒரு மேட் போட்டுப் பிறகு போட வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பரிசலின் தடிமன் 6 மில்லிமீட்டர், ஓட்டை ஒரு ஜாண் அகலம். ஓட்டையைச் சுற்றித் தடிமனைப் போல் 12 மடங்கு தூரம், அதாவது ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், சரிவாகத் தேய்க்க வேண்டும். 450 மேட் ஒரு அடுக்கு காய்ந்தால் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும். ஆக, ஆறு அடுக்கு தேவை. எல்லாம் சேர்த்து மேட் ஏறக்குறைய 300 கிராம். மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் என்றால் முக்கால் கிலோ. இந்த முக்கால் கிலோவில் சாதாரண ரெசினுக்கும் ஐசோவுக்கும் உள்ள விலை வித்தியாசம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் போய் ஒருவரின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

ரெசினைக் கூடுதலாக ஊற்றினால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம். கனம் கூடும், நொறுங்கும் தன்மையும் கூடும். கனம் ஒரு பக்கம் சேர்வதும் ஆபத்து. 2009 செப்டம்பர் 30 அன்று நமக்குப் பக்கத்துத் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அது ஒட்டுப் போட்டதால் வந்த விபத்தல்ல. ஆனாலும் ஒரு பக்கம் சாய்கிற படகு எவ்வளவு வேகமாகக் கவிழும் என்பதை நம் கண்முன் காட்டியது.

வேலை செய்கிற இளைஞர்களுக்குச் சில சொற்கள். பாலியஸ்டருக்குக் கேட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் அவசியம். காற்றோட்டமான இடத்தில், பீடி, சிகரெட் நெருப்பு இல்லாமல் வேலை செய்யுங்கள். எப்பாக்ஸியில் கம்பெனி சொன்ன அளவே அளவு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டக் கூடாது. சாரல் விழும் நாளில் எந்த ரெசின் வேலையும் வேண்டாம். ஈரம் இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ரெசினும் பிடிக்காது.

ஆகவே, இனிப் பழுது உதவி கேட்டு மனு வந்தால் நாம் நான்கு கேள்வி கேட்போம். படகு பைபரா, மரமா? எந்த ரெசின்? எத்தனை அடுக்கு மேட்? டின்னில் காலாவதித் தேதி என்ன? விடை சரியாக இருந்தால், பணமாகக் கொடுக்காமல் பொருளாகவே வாங்கிக் கொடுப்போம். பழுது முடிந்ததும் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் மிதக்கவிட்டு, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே அணைக்குள் அனுப்புவோம். கூடவே ஒரு லைஃப் ஜாக்கெட்டும் கொடுப்போம்.

நாம் கொடுக்கும் உதவி அந்தச் சகோதரரை மாலையில் வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.