அடைக்கலம் தருவதற்குப் பணம் எங்கே?

(ஸ்ரீ சிட்டி வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஸ் வசதி என்று நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றிப் பேசுகிறோம். "அது புருஷன் பெண்டாட்டி விவகாரம், சங்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். ஆந்திராவில் 30 பேர். நூற்றுக்கு முப்பது பேருக்குக் கூலி பாக்கி என்றால் சங்கம் வாய் மூடி இருக்குமா?

அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: நாடு முழுவதும் அடிபட்ட பெண்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். ஊரைவிட்டு வந்த நம் பெண்களின் நிலை இன்னும் கஷ்டம். வாடகை வீடு கணவன் பேரில். தாய் வீடு தொலைவில். போலீஸ் நிலையத்தில் பேசும் பாஷை தெலுங்கு. கதவைத் திறந்து வெளியே வந்தால் அன்றிரவு எங்கே படுப்பது, பிள்ளைக்கு எதை ஊட்டுவது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, ஒரு பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டவள், தான் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கொடுமை வழக்குத் தொடரலாம் என்று 2019இல் ரூபாலி தேவி வழக்கில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எல்லையைக் காட்டி நம்மை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் சட்டம் சோறு போடாது. பாதுகாப்பு அதிகாரிகளை நியமிக்கச் சொன்ன சட்டம், அதற்கான செலவுக்கு வழி காட்டவில்லை; சுமை மாநிலங்களின் தலையில் விழுந்தது. பல இடங்களில் வேறு வேலை பார்க்கும் அதிகாரியிடமே இந்தப் பொறுப்பும் கூடுதலாக ஒப்படைக்கப்பட்டது. 2013இல் மத்திய அரசு ரூ. 1,000 கோடியில் நிர்பயா நிதியைத் தொடங்கியது. அதிலிருந்து 2015 முதல் 'சகி' மையங்கள் வந்தன. மருத்துவம், போலீஸ், வக்கீல் உதவி எல்லாம் ஒரே இடத்தில். நல்ல திட்டம்தான். ஆனால் அங்கே தங்கலாம் என்பது 5 நாள். ஆறாம் நாள் அவள் எங்கே போவாள்? அடித்தவன் வீட்டுக்கா?

இங்கிலாந்திலும் இதே கதைதான். விசா காரணமாக அரசு உதவி மறுக்கப்பட்ட குடியேறிய பெண்களை, செலவுக்குப் பணமில்லை என்று அடைக்கல இல்லங்கள் திருப்பி அனுப்பின. 1979இல் தோன்றிய சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு இதை எதிர்த்துப் பல்லாண்டு போராடியது. 2012 முதல், கணவனின் விசாவை நம்பி வந்த பெண்கள் மூன்று மாதம் அரசு உதவி பெற வழி பிறந்தது. கேட்டார்கள், பெற்றார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து தடா வர நமக்கு விசா தேவையில்லை. நாம் கேட்கத் தயங்குவானேன்?

எனவே நமது கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, 2022இல் பிறந்த திருப்பதி மாவட்டத்தின் நிர்வாகம், சத்தியவேடு, வரதையபாளையம், தடா மண்டலங்களுக்கென்று தமிழும் தெரிந்த முழுநேரப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகளோடு மாதக்கணக்கில் தங்கக்கூடிய இல்லம் ஒன்று இவ்வட்டாரத்திலேயே வேண்டும். வேலையை விடாமல் ஷிப்டுக்குப் போய்வர அப்போதுதான் முடியும். வேலை போனால் அவள் மறுபடியும் அவன் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இங்குள்ள கம்பெனிகள் பங்கு தரவேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தப் பணிகளின் அட்டவணையில் பெண்களுக்கான இல்லங்களும் விடுதிகளும் இருக்கின்றன. நம் பெண்களின் உழைப்பில் வந்த லாபத்திலிருந்து கேட்கிறோம், பிச்சை கேட்கவில்லை.

அதுவரை நாமும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். குடும்பத்துக்கு மாதம் 10 ரூபாய் போட்டு ஓர் அவசர நிதி வைப்போம். ஓர் இரவு ஆட்டோ கட்டணத்துக்கும், ஒரு வார அரிசிக்கும் அது உதவும். 181 என்ற உதவி எண்ணையும், பெண்களுக்கு இலவச வக்கீல் தரும் 15100 எண்ணையும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைப்போம்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சூபர்வைசர் கை ஓங்கினால் கதவடைப்பு வரை போகத் துணிந்தவர்கள் நாம். அதே கை நம் வீட்டில் ஓங்கினாலும் அது குற்றமே. பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்காமல், கதவைத் தட்டுங்கள்.