அப்பாவுக்கும் வலை, மகளுக்கும் வலை

நடுவர் அவர்களே! 'கம்ப்யூட்டர் வேலை, நிழல்ல உட்கார்ந்து பார்க்கிற சுகமான வேலை'ன்னு எதிரணித் தம்பி சொன்னார். நீங்களும் கைதட்டினீங்க!

முதல் வலைத்தளம் 1991-ல் வந்தபோது எச்.டி.எம்.எல். தெரிந்தால் போதும். 1995-ல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. 1996-ல் அழகுபடுத்த சி.எஸ்.எஸ். 2013-ல் ரியாக்ட். இன்றைக்குச் செல்போன் திரைக்கும் பொருந்தணும், திருடன் நுழையாமலும் காக்கணும்!

என்னிடம் படித்த பாம்பன் மீனவர் மகள், வேலை விளம்பரம் ஒன்றைக் காட்டினாள். தகுதி பதினாலு, சம்பளம் ஒண்ணு! "ஐயா, அப்பா வலை வீசுறார். படகு கட்ட, ஐஸ் போட, மீன் விற்க வேற ஆள் இருக்கு. என் வலையில மட்டும் எல்லாமே நானா?" நான் வாயடைத்துப் போனேன்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில், கப்பல் போக நடுப்பாலத்தைப் பல பேர் சேர்ந்து கையால் சுற்றித் தூக்கினார்கள். அவர்களிடம், "ரயிலையும் நீயே ஓட்டு, டிக்கெட்டும் நீயே கொடு"ன்னு யாராவது சொன்னாங்களா?

புதுசு படிக்கச் சொல்லுங்க, தப்பில்லை. படிக்க நேரம் கொடுங்க. வேலையைப் பங்கு போடுங்க. பத்துப் பேர் பாரத்தை ஒரு பிள்ளை தலையில் ஏற்றினால், அது வளர்ச்சி அல்ல, சுமையே! அப்படியே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.